விண்கலத்தில் கிடை

கோகுலகிருஷ்ணன் விண்வெளிக்குப் போய் நான்கு நாளாகியும் வெளிக்குப் போகவில்லை.

விண்வெளி என்பது கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற ரோட்டில், பன்னிரண்டாவது கிலோமீட்டரில், இடது கைப் பக்கம் இருந்தது. டவுன் பஸ்ஸில் ஏறி “விண்வெளி ஒண்ணு” என்று காசை நீட்டினால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். அறுபது ஏக்கர் கரிசல், சுற்றிலும் கம்பிவேலி, நடுவில் வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு பெரிய தகரக் கொட்டகை. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அதைத் தீப்பெட்டி ஆபீஸ் குடோன் என்று நினைத்தார்கள். கிட்டே வந்து போர்டைப் படித்தவர்கள் ‘நெடும்பயண விண்வெளிக் கழிவு மாற்று ஆராய்ச்சி நிலையம்’ என்பதைத் தெரிந்துகொண்டு, முன்னைவிடக் கூடுதலாகக் குழம்பினார்கள்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிரகத்துக்குப் போகிறவன் போவதற்கும் வருவதற்கும் வருஷக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் அவன் கழிப்பதை எங்கே கொட்டுவது? கொட்டவே கூடாது, நீரை வடித்து அவனுக்கே குடிக்கக் கொடுக்க வேண்டும், மற்றதை உரமாக்கிக் கீரை வளர்த்து அவனுக்கே தின்னக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. நல்ல முடிவுதான். அதற்கு ஒரு நிலையம் வேண்டும், நிலையத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்று டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. வந்தது சித்திரை மாதத்து நடுப்பகல். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசலைக் காருக்குள்ளிருந்தே பார்த்து, ‘உயிர் வாழ்வதற்கான அறிகுறி எதுவும் காணப்படவில்லை, ஆகவே மிகப் பொருத்தமான இடம்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. அந்த நேரத்தில் அங்கே கோபாலசாமியின் இருநூறு வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. குழுவின் படிவத்தில் ஆடுகளுக்குக் கட்டம் இல்லை.

வேலி விழுந்ததும் கோபாலசாமி ஆடுகளை மேய்ச்சலுக்கு எங்கே பத்துவது என்று தெரியாமல் தவித்துப் போனார். நிலமோ மேய்ச்சல் புறம்போக்கு. நஷ்டஈடு கேட்கப் பட்டா கிடையாது. மனு எழுதி, மனுவுக்கு ஞாபகக் கடிதம் எழுதி, நாலு வருஷம் நடந்து, கடைசியில் ஓர் உத்தரவு வாங்கினார்: ‘பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும், ஒரே ஒரு முறை, நிலையத்தில் ஒரு பணி.’ அந்த ஒருவன் கோகுலகிருஷ்ணன். பதினெட்டு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிளஸ் டூ பாஸ். வாட்ச்மேன் வேலையாக இருக்கும் என்று நினைத்துத்தான் எண்ணெய் வைத்துத் தலைசீவிக்கொண்டு நேர்காணலுக்குப் போனான்.

“ஒரே இடத்துல மணிக்கணக்கா சும்மா இருக்க முடியுமா?” என்று கேட்டார்கள்.

ஆடு மேய்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? “முடியும் சார்” என்றான். விண்வெளி வீரனாகத் தேர்வாகிவிட்டான்.

பயணம் இருபத்தோரு நாள், கலத்தில் மூன்று பேர் என்பது திட்டம். மற்ற இரண்டு பேரும் நிலையத்தின் மூத்த விஞ்ஞானிகள். ஆனால் கதவு பூட்டுகிற அன்றைக்குக் காலையில் அவர்கள் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள், ‘கலத்துக்குள் இருபத்தோரு நாள்: எங்கள் அனுபவங்கள்’ என்ற கட்டுரையை வாசிப்பதற்காக. ஆகக் கோகுலகிருஷ்ணன் மட்டும் தனியாக உள்ளே போனான். ஆள் குறைந்தது, இலக்கு குறையவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிராம், மூன்று ஆளுக்கு இருபத்தோரு நாளைக்கு ஒன்பது கிலோ நானூற்றைம்பது கிராம் என்று மேலிடம் அங்கீகரித்திருந்தது. அங்கீகரித்ததை மாற்ற நிர்வாக அதிகாரி உமாதேவிக்கு அதிகாரம் இல்லை.

“இருக்கிறவர் மூணு பேருக்கும் சேர்த்துப் போகணும்” என்று அவர் கோப்பில் எழுதினார்.

நீர்ப்பகுதி ஒருவாறு ஓடியது. கோகுலகிருஷ்ணன் அதில் குறை வைக்கவில்லை. அவன் கொடுத்தது இருபத்தேழு குழாய்களில் சுற்றி, காலையில் ஒரு டம்ளர் தண்ணீராக வந்தது. அந்த இருபத்தேழு குழாய்களைக் கழுவுவதற்குத் தினமும் கயத்தாறிலிருந்து இரண்டு லாரித் தண்ணீர் வந்தது. லாரி பின்வாசல் வழியாக வந்ததால் அறிக்கையில் ஏறவில்லை.

சிக்கல் மற்றதில்தான். சாப்பாடெல்லாம் பற்பசை மாதிரி டியூபில் வந்தது. சாம்பார் டியூப், ரசம் டியூப், தயிர்சாதத்துக்கு ஒரு மாத்திரை. கம்மங்கஞ்சியும் வெங்காயமும் தின்று வளர்ந்த வயிறு, வந்த டியூபுகளை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துப் பூட்டிக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை. கழிப்பிடம் என்று ஒன்று வைத்திருந்தார்களே, அதுதான் அவனுக்குக் குலை நடுக்கம். நாற்காலி மாதிரி ஒன்று. உட்கார்ந்தவுடன் தொடை மேல் பெல்ட் போட வேண்டும். பெல்ட் போட்டவுடன் வெளியே கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்ததும் நான்கு பொறியாளர்கள் ஓடி வந்து மீட்டர்களுக்கு முன்னால் உட்காருவார்கள். ஒலிபெருக்கியில் குரல் வரும்:

“வீரர் அமர்ந்துவிட்டார். பத்து... ஒன்பது... எட்டு...”

மூன்று வருவதற்குள் கோகுலகிருஷ்ணனுக்கு உள்ளே இருப்பதெல்லாம் நெஞ்சுக்கு ஏறிவிடும். பூஜ்யம் சொல்லிவிட்டு அவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள். மீட்டரும் பூஜ்யம் சொல்லும். ஒருவர் பெருமூச்சு விடுவது மைக்கில் கேட்கும்.

நான்காம் நாள், புதன்கிழமை, இயக்குநர் டாக்டர் சௌந்தரபாண்டியன் தாமே மைக்கைப் பிடித்தார்.

“தம்பி கோகுலகிருஷ்ணன் அவர்களே! இந்த நிலையத்தில் நூற்றுப் பத்துப் பேர் பணிபுரிகிறோம். ஒரு இயக்குநர், நான்கு துணை இயக்குநர்கள், பதினோரு இணை இயக்குநர்கள், கார் ஓட்டுநர்கள் ஒன்பது பேர். நிலையம் தொடங்கி நான்கு ஆண்டுகளில் நாங்கள் ஒன்றும் உற்பத்தி செய்ததில்லை என்று சிலர் பேசுகிறார்கள். உண்மைதான். ஆனால் அது எங்கள் வேலை அல்ல. அது உங்கள் வேலை. நாட்டின் கௌரவம் இப்போது எங்கே தங்கி நிற்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் தயவுசெய்து அதை விடுவியுங்கள்.”

நூற்றுப் பத்துப் பேர் கைதட்டினார்கள். உள்ளே கோகுலகிருஷ்ணன் அழ ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை விடியற்காலை வாட்ச்மேன் பிச்சையா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தார். காற்றுப் போகிற ஓட்டை வழியாக ஒரு குரல் கேட்டது.

“அண்ணாச்சி... அண்ணாச்சியோ...”

“யாருலே? கோவாலு மவனா? நீ பேசப்பிடாதுல்லா?”

“பயமா இருக்கு அண்ணாச்சி.”

“என்ன பயம்? உள்ள பேயா இருக்கு?”

“பேயி இருந்தாலும் பேச்சுத் துணைக்கு ஆவுமே. வயிறு கல்லு கணக்கா கெடக்கு. நாளைக்கு டெல்லிக்காரவிய வாராவளாம். அதுக்குள்ள ஒண்ணும் நடக்கலன்னா என்னைய வெளிய அனுப்பிட்டு, ‘குடும்பத்துக்குக் குடுத்த வேலை முடிஞ்சுபோச்சு’ன்னு எழுதிருவேன்னு மேடம் சொல்லுதாவ. எங்கப்பா நாலு வருசம் அலைஞ்சு வாங்குனது அண்ணாச்சி. மேய்ச்சலும் போயி இதுவும் போச்சுன்னா ஆட்டையெல்லாம் வித்துட்டு நாங்க எங்கன போவோம்?”

பிச்சையா பீடியை இரண்டு இழுப்பு இழுத்தார்.

“ஊர்ல இருக்கையில எப்பிடிலே போவ?”

“கருக்கல்ல ஓடைக்குப் போவோம். நானும் எங்கூட்டாளி மாயகிருஷ்ணனும். ஆளுக்கொரு உடைமரத்து மறைவுல உக்காந்துகிட்டுப் பேசிக்கிட்டே இருப்போம். என்ன பேசுதோம்னே தெரியாது. அதுபாட்டுக்கு நடந்துரும்.”

“அம்புட்டுத்தானா? நீ போயி அந்த நாக்காலில உக்காரு. பெல்ட்டு கில்ட்டு போடாத.”

பிச்சையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் குத்தவைத்தார். மச்சினனுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜரோடு வந்த சண்டையைச் சொன்னார். கயத்தாறு லாரிக்காரன் இரண்டாம் தாரம் கட்டிய கதையைச் சொன்னார். உள்ளேயிருந்து “ம்” வந்தது. பிறகு “பொறவு?” வந்தது. பிறகு ஒரு சிரிப்புக்கூட வந்தது. லாரிக்காரனின் முதல் பெண்டாட்டி விளக்குமாற்றை எடுத்த கட்டத்தில், “அண்ணாச்சி, நிப்பாட்டாதீய, வாரமாதிரி இருக்கு” என்ற குரல் கேட்டது.

“பிச்சையா! யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?”

உமாதேவி. ஆறு மணிக்கே வந்துவிட்டார்.

“பையன்கிட்டதான் மேடம். பாவம், துணையில்லாமக் கெடக்கான்.”

“அவர் எங்க இருக்கார்?”

“உள்ள மேடம்.”

“விண்வெளியில இருக்கார். விண்வெளியில காத்து கிடையாது. காத்து இல்லாத இடத்துல சத்தம் போகாது. நீங்க பேசுறது அவருக்குக் கேக்கக் கூடாது.”

“கேக்குதே மேடம். ‘ம்’ கொட்டுதானே.”

“கேக்குதுன்னு எழுத்துமூலமா குடுங்க. எப்படிக் கேக்குதுன்னு அவர்கிட்ட விளக்கம் வாங்கறேன்.”

உள்ளே வந்துகொண்டிருந்தது திரும்பிப் போய்விட்டது.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்குப் பிச்சையா சைக்கிளை எடுத்துக்கொண்டு பசுவந்தனைப் பக்கம் போனார். கோபாலசாமி ஒரு சம்சாரியின் தரிசில் கிடை போட்டிருந்தார். ராத்திரி முழுக்க ஆடுகளை ஒரே நிலத்தில் அடைத்து நிறுத்துவது. விடிந்தால் நிலம் முழுக்கப் புழுக்கையும் கோமியமும். மழை விழுந்ததும் சம்சாரி உழுது விதைப்பான். கரிசல் பூமி இத்தனை காலம் விளைந்ததெல்லாம் அந்த உரத்தில்தான். பிச்சையா நடந்ததைச் சொல்லச் சொல்ல, கோபாலசாமி நாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார். மீட்டர், டியூப், பெல்ட் எதுவும் அவருக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது.

“ஏய்யா, அவியளுக்கு வேணுங்கது எருவுதான?”

“எருவுதான்.”

“எம்புட்டு?”

“ஒம்போதரைக் கிலோ பக்கம் சொல்லுதாவ.”

கோபாலசாமி சிரித்தேவிட்டார். “ஒம்போதரைக் கிலோவுக்காய்யா வேலி போட்டு, கொட்டாய் கட்டி, எம்பிள்ளைய அடைச்சு வச்சிருக்காவ? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒரு ராத்திரி கிடையில அறுபது ஏக்கருக்கும் வழி பண்ணிருப்பேனே!”

ஒரு பனையோலைக் கடகப்பெட்டியை எடுத்து, வேலங்காய் தின்ற ஆடுகள் படுத்திருந்த பக்கமாகப் போய், மண் ஒட்டாமல் கூட்டிப் புடைத்து, மணிமணியாகப் பார்த்து நிரப்பினார். “போதும், போதும்” என்று பிச்சையா சொன்னதற்கு, “கவுர்மென்ட்டுக்குக் குடுக்கது, குறைவாக் குடுக்கப்பிடாது” என்று இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டு, மேலே துணி வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

கலத்துக்குள் சாமான் போவதற்கு இரட்டைக் கதவு வைத்த சின்ன வாசல் ஒன்று இருந்தது. அங்கே பதிவேட்டோடு உமாதேவி நின்றார்.

“பெட்டியில என்ன?”

பிச்சையா பெட்டியைத் தலையிலிருந்து இறக்கினார். கோவில்பட்டிக்காரர் வாயில் அந்த அவசரத்துக்கு என்ன வரும்?

“கடலை மிட்டாயி மேடம். அவங்கப்பா குடுத்து விட்டாவ.”

“திறங்க.”

“தின்பண்டத்தத் தொறந்தா கிருமி உள்ள போயிரும், தொறக்கப்பிடாதுன்னு நீங்கதான மேடம் போன மாசம் சர்க்குலர் அடிச்சு ஒட்டுனிய?”

உமாதேவியின் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய சர்க்குலரைப் படித்த முதல் ஆள். பெட்டியை அப்படியே தராசில் வைத்தார். ‘கடலை மிட்டாய்: பன்னிரண்டு கிலோ. வீரரின் சொந்த உபயோகத்துக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே கோகுலகிருஷ்ணன் துணியை அவிழ்த்தான். பெட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ஓட்டை வழியாகப் பிச்சையா விஷயத்தைச் சொன்னபோது, ஒரு கை அளவு வந்தால் போதும் என்று நினைத்திருந்தான். மீதியைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. மூடிய அமைப்பு, உள்ளே வந்த பொருள் நாற்காலி வழியாக அல்லாமல் வெளியே போகக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலிக்குள் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேலேயே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டான்.

பத்து என்று எண்ண ஆரம்பித்த பொறியாளர் ஒன்பது சொல்லவில்லை. மீட்டர் முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் வளைந்தது. நாலு வருஷமாக ஊதாத சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரத்தில் இருந்தவர்கள் கையைக் கழுவாமல் ஓடி வந்தார்கள். டாக்டர் சௌந்தரபாண்டியன் கண்கலங்கி உமாதேவியைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்று பேருக்கு இருபத்தோரு நாளைக்கு வைத்த இலக்கை, ஒரே ஆள், ஒரே உட்காரலில் தாண்டிவிட்டான்.

சந்தேகம் யாருக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் எழுத அதற்கு ஒரு பதிவேடு இருக்கவில்லை.

மறுநாள் டெல்லிக் குழு வந்தது. நான்கு கார். குழுத் தலைவர் முப்பது வருஷம் டெல்லியில் இருந்த தமிழர். மெதுவாகப் பேசுவார், பேசியதையே இன்னொரு முறை பேசுவார். மேடை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, எவர்சில்வர் தட்டில் பட்டுத்துணி மூடிக் கொண்டு வந்து வைத்தார்கள். துணியை விலக்கிய தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

“உருண்டை உருண்டையா இருக்கு. ஏன் உருண்டையா இருக்கு?”

டாக்டர் சௌந்தரபாண்டியன் ராத்திரி முழுக்கத் தயார் செய்த பதில் அது.

“எடையற்ற நிலையில் எந்தப் பொருளும் உருண்டை வடிவம்தான் எடுக்கும் என்பது விஞ்ஞானம், ஐயா. வீரரின் உடல் விண்வெளிக்குப் பழகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.”

கடைசி வரிசையிலிருந்து ஹரிஹரசுதன் என்ற இளம் பொறியாளர் எழுந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. “சார், ஆனா கோவில்பட்டியில எடை இருக்கே?”

“முதலில் மனம் எடையை இழக்கும், தம்பி. உடல் அதைப் பின்பற்றும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பாரமும் தெரிவதில்லை.”

தலைவர் தலையாட்டினார். உமாதேவி பதிவேட்டை விரித்துக் காட்டினார். “உள்ள போனது பன்னிரண்டு கிலோ கடலை மிட்டாய். வெளிய வந்தது பன்னிரண்டு கிலோ. ஒரு கிராம்கூட வீணாகலை சார். நூறு சதவீதம்.”

“நூறு சதவீதம்” என்றார் தலைவர். “நூறு சதவீதம்! எந்த நாடும் இதைத் தொட்டதில்லை. தொட்டதா எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. இப்பவே டெல்லிக்கு பேக்ஸ் போகணும். இந்தப் பையனைச் சாதாரணமா விட்டுடக் கூடாது. திங்கட்கிழமையிலிருந்து ஐந்நூறு நாள். செவ்வாய்க்கிரகம் போய் வர்ற கணக்கு. கதவைத் திறக்கவே வேண்டாம், அப்படியே தொடரட்டும்.”

பதினொன்று பத்துக்கு பேக்ஸ் போனது. ஒலிபெருக்கியில் கைதட்டலும், நடுவே ‘ஐந்நூறு நாள்’ என்பதும் கோகுலகிருஷ்ணனுக்குக் கேட்டன. ஐந்நூறு நாள் என்றால் எத்தனை டியூப் என்று மனசு எண்ணப் பார்த்தது. அடுத்த பங்குனியும் போய், அதற்கடுத்த ஆடியும் வந்துவிடும். இதுவரை தொட்டிராத மைக் பொத்தானை அமுக்கினான்.

“சார்... அது என்னோடது இல்ல சார். ஆட்டுப் புழுக்கை சார். எங்க ஆட்டோடது. மன்னிச்சிருங்க சார். என்னைய வெளிய விட்டுருங்க.”

மேடையில் அதிர்ச்சியெல்லாம் இல்லை. தலைவர் திருப்தியாக இயக்குநர் பக்கம் சாய்ந்தார்.

“தனிமை. ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வரும்னு சொல்வாங்க. வந்துடுச்சு. அதற்குப் படிவம் இருக்கா?”

“பத்தொன்பதாம் நம்பர் இருக்கு சார்” என்று உமாதேவி எடுத்துவிட்டார். மைக்கில் கேள்விகள் போயின.

“ஆடுகள் உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா?”

“இப்பத் தெரியல மேடம். வீட்டுக்குப் போனாத் தெரியும்.”

“எத்தனை ஆடுகள்?”

“எறநூறு.”

“அவை உங்களிடம் பேசுகின்றனவா?”

“பேசாது மேடம். கத்தும்.”

“நீங்களும் திரும்பக் கத்துவது உண்டா?”

“ஆட்டப் பத்துதப்ப கத்துவேன்...”

“முற்றிய நிலை” என்று எழுதிக்கொண்டார் உமாதேவி. “சிகிச்சைன்னு என்ன போட்டிருக்கு?” என்று தலைவர் கேட்டார். படிவத்தைத் திருப்பிப் பார்த்து, “தொடர்ந்து கண்காணிக்கவும்னு போட்டிருக்கு சார்” என்றார்.

அந்த நேரத்தில்தான் கோபாலசாமி வந்தார். மகனைப் பார்த்து வருஷக்கணக்கான மாதிரி இருக்கவே, போகிற வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆடுகளைப் பத்திக்கொண்டு ரோட்டில் வந்திருந்தார். டெல்லிக் கார்களுக்காகக் கேட் திறந்து கிடந்தது. பிச்சையா ஓடிப் போய்க் காதில் விஷயத்தைப் போட்டார். ஐந்நூறு நாள் என்றதும் கோபாலசாமி ஆடுகளைக் கேட்டுக்குள் திருப்பினார்.

குத்துவிளக்குப் பக்கம் ஆடு, மாலைகள் வைத்த மேஜைப் பக்கம் ஆடு. தலைவரின் காலடியில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி போட்ட ஒரு கிடா வந்து நின்றது.

“சாமி, எம்மவன் சொன்னது நெசந்தான். கடலை மிட்டாயுமில்ல ஒண்ணுமில்ல. பிள்ளை கேக்கவேயில்ல, நான்தான் குடுத்துவிட்டேன். கேசு கீசு போடுததா இருந்தா எம்மேல போடுங்க. அவன வெளிய விட்டுருங்க.”

“யார் இவர்?” என்றார் தலைவர்.

“மாயக்காட்சியின் தகப்பனார்” என்றார் இயக்குநர், குழப்பத்தில்.

கோபாலசாமி கிடாவின் முதுகில் லேசாகத் தட்டினார். ஆடு வாலைத் தூக்கியது. எண்ணிக்கையில்லாமல், பெல்ட்டில்லாமல், மேடைக் கம்பளத்தின் மேல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஹரிஹரசுதன் குனிந்து ஒன்றை எடுத்தார். தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலைவரிடம் நீட்டினார். தலைவர் வெகுநேரம் பார்த்தார்.

“பேக்ஸ்...” என்றார்.

“போயிடுச்சு சார்” என்றார் உமாதேவி. “மந்திரி அலுவலகத்திலேருந்து வாழ்த்தும் வந்துடுச்சு.”

“போன பேக்ஸைத் திருப்ப முடியாது. திருப்ப முடியாது. அப்போ வேற எதையாவதுதான் மாத்தணும்.”

கிடா கம்பளத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. உமாதேவி திட்ட ஆவணத்தைப் புரட்டினார், முதல் பக்கத்திலிருந்து நிதானமாக. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நின்றார்.

“சார், வீரர் ஆரோக்கியமா இருக்கணும்னு இருக்கு. முப்பத்தஞ்சு வயசுக்குக் கீழ இருக்கணும்னு இருக்கு. மனுஷனா இருக்கணும்னு எங்கயும் இல்ல.”

டாக்டர் சௌந்தரபாண்டியனுக்கு உயிர் திரும்பியது. “அப்படிப் பார்த்தால் ஐயா, அறிக்கையில் ஒரு தவறும் இல்லை. உற்பத்தி உண்மை. உற்பத்தியாளரின் பெயர் மட்டும் தட்டச்சுப் பிழை.”

கிடாவைக் கலத்துக்குள் ஏற்றுவது என்று முடிவானது. கோபாலசாமி கையைப் பிசைந்தார்.

“சாமி, ஆடு ஒத்தையில நிக்காது. கூட்டத்தோடதான் நிக்கும். அந்தக் கொட்டாயில அடைச்சா ரெண்டே நாள்ல செத்துப்போவும். வெளிய மேயவிட்டு, ராத்திரி இங்கனயே கிடை போட்டுக்கிடுதேன். நீங்க கேட்டதுக்கு மேலயே விழும்.”

“கலத்துக்கு வெளியே வீரர் இருக்க முடியாதே?”

“கலம்னா எதுவரைக்கும்னு வரையறை இருக்கா?” என்று தலைவர் கேட்டார்.

உமாதேவி புரட்டினார். “சுற்றிலும் மூடப்பட்ட இடம்னு இருக்கு சார்.”

எல்லோரும் கம்பிவேலியைப் பார்த்தார்கள். அறுபது ஏக்கரும் சுற்றிலும் மூடித்தான் இருந்தது.

பகல் ஒரு மணிக்குக் கோகுலகிருஷ்ணனைத் திறந்து விட்டார்கள். பூமிக்குத் திரும்பியவனை வரவேற்க மாலையோடு நின்ற இயக்குநரைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, இருநூறு ஆடுகளைத் தாண்டி அவன் ஓடைப் பக்கம் ஓடினான். அரைமணி நேரம் கழித்து வேறு ஆளாகத் திரும்பி வந்து, அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டான். வேலை போயிற்றா, இருக்கிறதா, மறுபடி உள்ளே போகச் சொல்வார்களா, ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் உமாதேவி பணி நியமனப் படிவத்தை விரித்திருந்தார்.

“வீரர் பெயர்?”

“சுட்டி” என்றார் கோபாலசாமி.

“வயசு?”

“வார ஐப்பசிக்கு ரெண்டு.”

“தகப்பனார் பெயர்?”

கோபாலசாமி உண்மையிலேயே யோசித்தார். “ரெண்டு வருசத்துக்கு முன்ன ஓட்டப்பிடாரத்துக்காரன் செவலைக் கிடா ஒண்ணு கூட்டத்துல வந்து விழுந்துச்சு. அதா இருக்கும். சரியாச் சொல்லத் தெரியல மேடம்.”

“உத்தரவுல குடும்பத்தில் ஒருவர்னு இருக்கு. உங்க குடும்பம்னு ஆகணும்னா தகப்பனார் பெயர் வேணும். இல்லாட்டி வேலை பழையபடி உங்க பையன் பேர்லதான் நிக்கும். ஐந்நூறு நாளும் அவரே இருக்க வேண்டி வரும்.”

கோகுலகிருஷ்ணன் பின்னாலிருந்து அப்பாவின் துண்டைப் பிடித்துக்கொண்டான்.

“எம்பேரையே போட்டுக்கோங்க” என்றார் கோபாலசாமி.

உமாதேவி எழுதினார். ‘தந்தை பெயர்: கோபாலசாமி.’ மையை ஊதினார். அடுத்த கட்டத்துக்குப் போனார்.

“வேற ஆண் பிள்ளைகள் உண்டா?”

கோபாலசாமி திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

“ஒருத்தன் இருக்கான் மேடம். அவன் எதுக்கும் லாயக்கில்ல. ஆடு மேய்க்கட்டும்.”